சிகரெட்டை விடுகிறவருக்கு, கூடவே விடுகிற இன்னொருவர்

சிகரெட்டை விடப்போகிறேன் என்று சொன்னதும் சுற்றியிருப்பவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: மனசு வைத்தால் முடியும். அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் மூன்றாம் நாள் மாலை, காரணமே இல்லாமல் வீட்டில் எரிந்து விழுந்துவிட்டு, கை தானாகச் சட்டைப் பையைத் தடவும்போது அந்த வார்த்தை எதற்கும் உதவுவதில்லை. அப்போது உதவக்கூடியவர், போன மாதம் அதே மூன்றாம் நாளைத் தாண்டி வந்த ஒருவர். அப்படி ஒருவர் ஏன் தேவைப்படுகிறார், அவரால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

எந்த உதவியும் இல்லாமல் தானாக விட முயல்பவர்களில் 6 மாதமோ ஒரு வருடமோ கழித்தும் புகைக்காமல் இருப்பவர்கள் 100க்கு 3 முதல் 5 பேர்தான். 2004இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு இதைக் கணக்கிட்டது. அதே தொகுப்பு இன்னொன்றையும் காட்டியது. தோற்றவர்களில் பெரும்பாலானோர் முதல் 8 நாளுக்குள்ளேயே மீண்டும் பற்றவைத்துவிட்டார்கள். ஒரு வருடப் போராட்டம் என்று நாம் நினைப்பது பல பேருக்கு ஒரே வாரத்தில் முடிந்துவிடுகிறது.

காரணம் உடலில் இருக்கிறது. இழுத்த புகையிலுள்ள, ஆளை அடிமைப்படுத்தும் நிகோடின் சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும். ரத்தத்தில் அதன் அளவு சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அதனால் கடைசி சிகரெட்டை அணைத்த சில மணி நேரத்திலேயே தவிப்பு தொடங்கிவிடுகிறது. எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, கவனம் நிற்காமை, அகோரப் பசி எல்லாம் முதல் சில நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் பெருமளவு அடங்கும். இந்த நாட்களிலும் தவிப்பு ஒரே சீராக இருப்பதில்லை. திடீரென்று எழும், சில நிமிடம் உலுக்கும், தணியும். சாப்பிட்டு முடித்ததும் ஒன்று, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஒன்று, மேலதிகாரியிடம் திட்டு வாங்கி வெளியே வந்ததும் ஒன்று.

இப்படித் தவிப்பவருக்குத் தேவைப்படும் உதவியின் வடிவம் இதிலிருந்தே தெரிந்துவிடுகிறது. சின்னச் சின்ன உதவி, ஒரு நாளில் பல தடவை, எப்போது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத நேரத்தில், ஒவ்வொன்றும் ஐந்து பத்து நிமிடத்துக்கு. எந்த மருத்துவராலும் இப்படிக் கொடுக்க முடியாது. அவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் மணி நேரம் பார்ப்பார். மருந்து எழுதித் தருவார், அது மிகவும் முக்கியம். ஆனால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டைமாடிக்குக் கால் போகும் அந்த நிமிடத்தில் அவர் இருக்க மாட்டார். அந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர் சக பயணிதான்.

இவர்களுடைய தொலைபேசி உரையாடல்களில் பாதி இப்படித்தான் இருக்கும்:

“இருக்கீங்களா?”

“இருக்கேன், சொல்லுங்க.”

“கடை வாசல்ல நிக்கிறேன்.”

“சரி, போனை வெக்காதீங்க. அப்படியே எதிர்ப்பக்கமா நடங்க. இன்னைக்கு எத்தனாவது நாள்?”

“ஆறு.”

“எனக்கும் ஆறாவது நாள்தான் ரொம்ப மோசமா இருந்துச்சு. நடந்துக்கிட்டே பேசுங்க. மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?”

இதில் அறிவுரையே கிடையாது. புற்றுநோய் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பேசிக்கொண்டே இருந்ததில் தவிப்பின் அலை தணிந்துவிடும், கடையும் பின்னால் போயிருக்கும். எதிர்முனையில் இருப்பவருக்கு என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது, ஏனென்றால் அவரிடமும் யாரோ அப்படிக் கேட்டிருக்கிறார்கள்.

சிகரெட் ஆரம்பத்திலிருந்தே கூட்டாளிகளோடு வந்த பழக்கம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. முதல் சிகரெட்டைத் தனியாகப் பற்றவைத்தவர்கள் குறைவு. விடுவதும் கூட்டமாகவே நடக்கிறது என்பதை நிக்கலஸ் கிறிஸ்டாகிஸ், ஜேம்ஸ் ஃபவுலர் என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் காட்டினார்கள். அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் நகரில் நடந்துவரும் நெடுங்கால இதய ஆய்விலிருந்து 12,067 பேரின் உறவு, நட்பு வலைப்பின்னலை எடுத்துக்கொண்டு, 1971 முதல் 2003 வரை யார் எப்போது புகைப்பதை விட்டார்கள் என்று வரைந்து பார்த்தார்கள். கணவன் மனைவியில் ஒருவர் விட்டபோது மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைந்தது. நண்பர் விட்டபோது 36 சதவீதம். சிறிய நிறுவனத்தில் உடன் வேலை பார்ப்பவர் விட்டபோது 34 சதவீதம். ஒருவரை ஒருவர் அறிந்த குழுக்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில், சேர்ந்தாற்போல விட்டிருந்தன. ஒத்த மனமுள்ளவர்கள்தான் முதலில் நண்பர்களாகிறார்கள், அதனால் இந்த எண்களில் எவ்வளவு உண்மையான தாக்கம் என்று பிற்பாடு புள்ளியியலாளர்கள் வாதிட்டார்கள். அந்த வாதம் நியாயமானது. ஆனாலும் படம் மொத்தமாகச் சொல்வது தெளிவு: தன்னந்தனியாக விடுகிறவர் தன் பழக்கத்தோடு மட்டும் மோதுவதில்லை, அந்தப் பழக்கத்தைச் சுற்றி அமைந்த நட்பு வட்டத்தோடும் மோதுகிறார். தம் அடிக்கப் போகும் நேரத்தில்தான் அலுவலகச் செய்தியெல்லாம் தெரியவரும் என்ற நிலையில் இருந்தவருக்கு, விட்ட முதல் வாரத்தில் சிகரெட் மட்டுமா போகிறது? பேச்சுத்துணையும் போகிறது. அந்த இடத்தில் வேறொரு பேச்சுத்துணை வராவிட்டால் பழைய கூட்டத்துக்கே கால் திரும்பும்.

விட்டவர்களுக்கு மட்டும் தெரிந்தவை

சக பயணியின் இன்னொரு பெரிய பயன், அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும் என்பது. புகைப்பதை விட்டவர்களுக்கு நேரும் பல விஷயங்கள் விளம்பரப் பலகைகளில் இருப்பதில்லை.

கனவை எடுத்துக்கொள்ளுங்கள். விட்டு இரண்டு வாரம் ஆன ஒருவர், தான் சிகரெட் பிடித்துக்கொண்டிருப்பதாகக் கனவு காண்கிறார். நெஞ்சு படபடக்க எழுந்து, நிஜமாகவே பிடித்துவிட்டோமோ என்று குழம்புகிறார். உள்ளுக்குள் இன்னும் விடவே இல்லை போலிருக்கிறது, இது நமக்கு ஆகாது என்று சோர்ந்துபோகிறார். உண்மை நேர்மாறானது. பீட்டர் ஹாயெக் என்ற லண்டன் உளவியலாளர் 1991இல் வெளியிட்ட ஆய்வில், விட்டு 1 முதல் 4 வாரம் ஆனவர்களில் மூன்றில் ஒருவருக்கு இத்தகைய கனவு வந்திருந்தது. ஒரு வருடம் விட்டிருந்தவர்களில் 63 சதவீதம் பேருக்கு எப்போதாவது வந்திருந்தது. கனவில் பெரும்பாலானோர் குற்ற உணர்ச்சியோ பதற்றமோ அடைந்தார்கள். முக்கியமான செய்தி இதுதான்: அந்தக் கனவு வந்தவர்கள்தான் தொடர்ந்து புகைக்காமல் இருப்பதில் அதிகம் வெற்றி பெற்றார்கள். இதை அந்தக் காலை ஏழு மணிக்கு யார் வந்து சொல்வார்? “எனக்கும் வந்துச்சு, அது நல்ல அறிகுறிதான்” என்று ஒருவர் சொன்னால் அந்த நாள் பிழைத்துவிடும்.

காபியும் அப்படித்தான். சிகரெட் புகையிலுள்ள சில பொருட்கள் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிட்டு காஃபீனை வேகமாக வெளியேற்றும். புகை நின்றதும் அந்த வேகம் நின்றுவிடுகிறது. அதே நான்கு கப் காபி இப்போது ரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபீனை விட்டுச்செல்லும். கை நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை எல்லாவற்றையும் சிகரெட் இல்லாத குறை என்று எண்ணிக் கஷ்டப்படுபவர்கள் ஏராளம். காபியைப் பாதியாகக் குறைத்தாலே பாதி அவஸ்தை போய்விடும் என்பது விட்டவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் யோசனை. (இதே காரணத்தால் ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், மனநல மருந்தான க்ளோசபின் போன்றவற்றின் அளவும் மாற வேண்டியிருக்கும். அவற்றைச் சாப்பிடுபவர்கள் விடுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இது நண்பர் யோசனையில் தீர்கிற விஷயம் கிடையாது.)

விட்ட பிறகு இருமல் கூடலாம். வாயில் புண் வரலாம். மலச்சிக்கல் வரலாம். எடை ஏறும், முதல் வருடத்தில் சராசரியாக 4 முதல் 5 கிலோ. எடை விஷயத்தைச் சிரித்து மழுப்பும் பிரசாரங்களைவிட, “ஆமாம், எனக்கும் ஏறியது, இப்படித்தான் சமாளித்தேன்” என்று நேராகச் சொல்லும் ஒருவரை எல்லோரும் நம்புவார்கள். எதிர்பார்த்து வந்த கஷ்டம் பாதிக் கஷ்டம்.

வீட்டார் போதாதா?

இயல்பாக எழும் கேள்வி. அன்பான மனைவி இருக்கிறார், அண்ணன் இருக்கிறார், பிள்ளைகள் கெஞ்சுகிறார்கள், வெளியாள் எதற்கு? துணைவரின் ஆதரவைப் பயிற்சி கொடுத்துக் கூட்ட முயன்ற ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு, அந்த முயற்சிகளால் விடுபவர்களின் எண்ணிக்கை கூடியதாகத் தெரியவில்லை என்றே முடித்தது. படிக்கும்போது ஏமாற்றமாக இருக்கும். ஆனால் ஷெல்டன் கோஹன், எட்வர்ட் லிக்டன்ஸ்டைன் இருவரும் 1990இல் செய்த ஆய்வு கொஞ்சம் வெளிச்சம் தருகிறது. துணைவர் எவ்வளவு பேசினார் என்பதைவிட, அதில் ஊக்கத்துக்கும் நச்சரிப்புக்கும் இருந்த விகிதம்தான் விட்டவர்களையும் விடாதவர்களையும் பிரித்தது.

வீட்டாருக்கு இது உயிர்ப் பிரச்சினை. அதனால் அவர்கள் காவல் காக்கத் தொடங்கிவிடுகிறார்கள். சட்டையை முகர்ந்து பார்ப்பது, பத்து நிமிடம் தாமதமானால் சந்தேகம், ஒருநாள் சறுக்கினால் “சத்தியம் பண்ணினீங்களே” என்ற அழுகை. எல்லாம் பயத்தில் வருவது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விளைவு என்னவென்றால், சறுக்கியவர் வீட்டில் மறைக்கப் பழகுகிறார். மறைத்த சிகரெட் ஒன்றோடு நிற்பது அபூர்வம். சக பயணியிடம் மறைக்கத் தேவையில்லை. அவருக்கு நம் சிகரெட்டால் குடும்பம் நடுங்கவில்லை, நம் வாக்குறுதி எதுவும் அவரிடம் உடையவில்லை. “நேத்து ராத்திரி ஒண்ணு பிடிச்சுட்டேன்” என்று உடனே சொல்லிவிடக்கூடிய ஒரே ஆள் பல பேருக்கு அவர்தான். என் பார்வையில் சக ஆதரவின் மிகப் பெரிய மதிப்பு இங்கேதான் இருக்கிறது, உற்சாகமூட்டுவதில் கிடையாது.

அந்த ஒரு சிகரெட்டுக்குப் பிறகு நடப்பதைப் பற்றி ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் நிறைய எழுதியிருக்கிறார். சறுக்குவது வேறு, திரும்பவும் பழக்கத்துக்குள் விழுவது வேறு என்று அவர் பிரித்தார். ஒன்றிலிருந்து மற்றதற்கு ஆளைத் தள்ளுவதில், ‘எல்லாம் போச்சு, நான் லாயக்கில்லாதவன்’ என்ற எண்ணத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்றார். அந்த எண்ணம் தனிமையில்தான் வளரும். உடனே ஒருவரிடம் சொல்லி, அவர் “சரி, எந்த நேரத்துல, யார் கூட இருந்தீங்க?” என்று விசாரித்து, நாளைக்கு அந்த நேரத்தில் என்ன செய்யலாம் என்று பேசினால், ஒரு சிகரெட் ஒரு சிகரெட்டாகவே முடிய வாய்ப்பிருக்கிறது. கனடாவில் புகைப்பவர்களைத் தொடர்ந்து கவனித்த தரவுகளை வைத்து 2016இல் வெளியான ஒரு கணக்கீடு, வெற்றிகரமாக விடுவதற்குள் பலருக்கு 30 அல்லது அதற்கும் மேற்பட்ட முயற்சிகள் தேவைப்படலாம் என்றது. அப்படியென்றால் சறுக்கல் என்பது இந்தப் பாதையில் வழக்கமான ஒன்று. அதை வழக்கமான ஒன்றாக எடுத்துக்கொள்ளத் தெரிந்தவர் பக்கத்தில் வேண்டும்.

குழுவில் என்ன நடக்கிறது

புகைப்பதை விடுபவர்களுக்கான குழுக்கள் பல நாடுகளில் மருத்துவமனைகள், சுகாதார மையங்கள் வழியாக நடக்கின்றன. வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம் போல, ஆறேழு வாரம். நன்றாக நடக்கும் குழுவில் எல்லோரும் ஒரே நாளில் விடுகிறார்கள். அடுத்த வாரம் வந்ததும் ஒவ்வொருவரும் கையடக்கக் கருவி ஒன்றில் ஊதுவார்கள். மூச்சை 15 நொடி அடக்கி, மெதுவாக, நுரையீரல் காலியாகும்வரை ஊத வேண்டும். சிகரெட் புகையிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயு மூச்சில் எவ்வளவு இருக்கிறது என்பது எண்ணாகத் தெரியும். பத்து லட்சத்தில் 10 பங்குக்குக் கீழே இருந்தால் புகைக்காதவர் என்று கொள்வது நெடுநாள் வழக்கம். தினமும் ஒரு பாக்கெட் பிடித்தவர் போன வாரம் 25 காட்டியிருப்பார். இந்த வாரம் 3. அந்த வாயு ஓரிரு நாளிலேயே உடலைவிட்டுப் போய்விடும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தாலும், எதிரே உட்கார்ந்திருக்கும் எட்டுப் பேர் பார்க்க அந்த எண் இறங்கியிருப்பது வேறு அனுபவம். கைதட்டுவார்கள். இன்னும் 20க்கு மேல் காட்டுபவரும் அங்கேதான் இருப்பார். அவரிடம் யாரும் ஏன் என்று அதட்ட மாட்டார்கள். பெரும்பாலும் பக்கத்து நாற்காலிக்காரர் தன் போன் நம்பரைக் கொடுப்பார்.

இந்தக் குழுக்கள் பலன் தருகின்றனவா? 66 ஆய்வுகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டின் காக்ரேன் அறிக்கைப்படி, கையேடு மட்டும் வாங்கிக்கொண்டு முயன்றவர்களைவிடக் குழுவில் சேர்ந்தவர்கள் விடும் வாய்ப்பு ஏறத்தாழ 1.9 மடங்கு. அதே அளவு நேரம் தரும் தனிநபர் ஆலோசனையைவிடக் குழு சிறந்தது என்று சொல்ல ஆதாரமில்லை. ஆக, கூச்ச சுபாவம் உள்ளவர் தனிநபர் ஆலோசனை பெற்றால், குழுவுக்குப் போகாததால் எதையும் இழந்துவிடவில்லை.

இருவர் இருவராகச் சேர்த்துவிடும் முறையில் முடிவுகள் கலவையானவை. 1998இல் இங்கிலாந்தில் பொது மருத்துவரிடம் வந்த, முன்பின் தெரியாத புகைப்பவர்களை ஜோடி சேர்த்துவிட்டபோது, 4 வாரம் கழித்து ஜோடியோடு விட்டவர்களில் 27 சதவீதமும் தனியாக விட்டவர்களில் 12 சதவீதமும் புகைக்காமல் இருந்தார்கள். ஆனால் ஏற்கெனவே குழுவில் இருப்பவர்களுக்குள் ஜோடி சேர்த்துப் பார்த்த பிந்தைய ஆய்வில் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் தெரியவில்லை. எனக்கு இது முரண்பாடாகப் படவில்லை. குழுவே ஜோடியின் வேலையைச் செய்துவிட்டது. கூட யாருமே இல்லாதவருக்கு ஒருவர் கிடைப்பதுதான் பெரிய வித்தியாசம். கைபேசியிலும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொள்ளும் 20 பேர் கொண்ட குழுக்களை 100 நாள் நடத்திய அமெரிக்க ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. எல்லோருக்கும் தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோடின் பேட்ச் கொடுக்கப்பட்டது. 60 நாள்வரை தொடர்ந்து புகைக்காதவர்கள் குழுவில் இருந்தவர்களில் 40 சதவீதம், பேட்ச் பெற்றும் குழுவில் சேர்க்கப்படாதவர்களில் 20 சதவீதம்.

யாரைத் தேடுவது, என்ன கேட்பது

சக பயணி நெருங்கிய நண்பராக இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. நம்மோடு தினமும் தம் அடிக்கும் நண்பரை இழுத்துக்கொண்டு விடுவது ஆசையாக இருக்கும். அதில் ஒரு ஆபத்து உண்டு: அவர் விழுந்தால் நாமும் விழ எளிய காரணம் கிடைத்துவிடும். அவர் உண்மையில் தானாகவே விட விரும்புகிறாரா என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவர் நம்மோடு ஒரே நாளில் விடுபவர், இன்னொருவர் விட்டு சில மாதம் ஆனவர் என்று இருவர் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. முன்னவருக்கு நம் தவிப்பு தெரியும், பின்னவருக்கு அது அடங்கும் என்பது தெரியும். பத்து வருடத்துக்கு முன் விட்டவரைவிட மூன்று மாதத்துக்கு முன் விட்டவர் பயன்படுவார், முன்னவருக்குப் பாதி மறந்திருக்கும்.

இவர்களைக் கண்டுபிடிக்க முதல் இடம் பல நாடுகளிலும் இருக்கும் இலவசத் தொலைபேசி உதவி எண்கள். ஆலோசகர்கள் பேசுவார்கள், அருகில் குழு இருந்தால் சொல்வார்கள். பல் மருத்துவர், நெஞ்சக மருத்துவர், இதய நோய்ப் பிரிவு, மகப்பேறு மருத்துவமனை ஆகிய இடங்களில் கேட்டால் அதே மாதத்தில் விட முயலும் வேறு ஆட்கள் இருக்கக்கூடும். 1980களில் கலிஃபோர்னியாவில் தொடங்கிய நிகோடின் அனானிமஸ் என்ற அமைப்பு, குடியை விடுபவர்களின் பன்னிரண்டு படி முறையைப் பின்பற்றி, பெயர் சொல்லாமல் கலந்துகொள்ளும் கூட்டங்களைப் பல நாடுகளில் நடத்துகிறது, தொலைபேசியிலும்கூட. தான் புகைப்பதே வீட்டுக்குத் தெரியாதவர்களுக்கு இந்தப் பெயர் சொல்லாத ஏற்பாடு பெரிய ஆறுதல். குறிப்பாகப் பெண்களில் இப்படி மறைத்து வாழ்பவர்கள் உண்டு. அவர்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

கேட்கும்போது தெளிவாகக் கேட்பது நல்லது. “எனக்கு சப்போர்ட் பண்ணுங்க” என்றால் எதிரே இருப்பவருக்கு என்ன செய்வதென்றே தெரியாது. தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு செய்தி அனுப்புகிறேன், பதில் போடுங்கள். நடுவில் தவிப்பு வந்தால் கூப்பிடுவேன், எடுக்க முடியாவிட்டால் பரவாயில்லை. சறுக்கினால் அன்றைக்கே சொல்லிவிடுகிறேன், நீங்கள் திட்டக் கூடாது. இவ்வளவு பேசிக்கொண்டால் போதும். முதல் இரண்டு வாரம் தினமும், அப்புறம் இடைவெளி விடலாம்.

சில ஆட்களிடமிருந்து விலகவும் தெரிய வேண்டும். “நான் மருந்தே இல்லாமல் விட்டேன், பேட்ச் எல்லாம் ஏமாற்று” என்று பெருமையடிப்பவர் அதில் முதலாமவர். நிகோடின் பேட்ச், சூயிங்கம், வாரெனிக்லின் மாத்திரை போன்றவை விடும் வாய்ப்பைக் கூட்டுவது மீண்டும் மீண்டும் நிரூபிக்கப்பட்டிருக்கிறது. மருந்தும் ஆதரவும் சேர்ந்தால் இரண்டில் ஒன்று மட்டும் இருப்பதைவிடப் பலன் அதிகம். ஒருவருடைய தைரியக் கதைக்காக இன்னொருவர் மருந்தை நிறுத்துவது வீண் இழப்பு. சறுக்கியவரைக் கூட்டத்தின் முன் வெட்கப்படுத்தும் குழுவும் வேண்டாம், அங்கே எல்லோரும் பொய் சொல்லப் பழகிவிடுவார்கள். விட்ட பிறகு சோர்வு வாரக்கணக்கில் நீடித்தாலோ, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தாலோ, அதை சக பயணியின் தோளில் மட்டும் வைக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும். “என்னோட வர்றீங்களா?” என்று சக பயணியைக் கேட்கலாம், அவர் வருவார்.

ஜோடியில் ஒருவர் மீண்டும் புகைக்கத் தொடங்கிவிட்டால் மற்றவர் என்ன செய்வது என்பதை முதலிலேயே பேசிவைத்துக்கொள்வது நல்லது. பலர் இதைப் பேசக் கூச்சப்படுகிறார்கள், அபசகுனம் போலத் தோன்றுகிறது. விழுந்தவர் அடுத்த தேதி குறிக்கும்வரை, நிற்பவர் புதிதாக இன்னொருவரைத் தேடிக்கொள்ளலாம், அதில் துரோகம் எதுவும் இல்லை. விழுந்தவருடைய எண்ணை மட்டும் அழித்துவிட வேண்டாம். அவர் அடுத்த தேதியைச் சொல்லும்போது எடுத்துப் பேச ஒருவர் தேவை.